மனச்சோர்வில் இருப்பவருக்கு மாடித்தோட்டம்: எங்கே தொடங்குவது, எதில் கவனம் வேண்டும்

கேள்வி: சென்னையில் அடுக்ககத்தில் வாடகைக்கு இருக்கிறோம். தம்பிக்கு 27 வயது. சில மாதங்களாக மனச்சோர்வு. மனநல மருத்துவரைப் பார்த்து மாத்திரை எடுக்கிறான். வேலையை விட்டுவிட்டான், அறையை விட்டு வெளியே வருவதே அபூர்வம். "செடி வளர்க்கச் சொல்லுங்கள், மனசுக்கு நல்லது" என்று பலரும் சொல்கிறார்கள். மாடியில் தொட்டி வைக்க வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். உண்மையிலேயே பலன் உண்டா? எப்படித் தொடங்குவது?

பதில்:

பலன் உண்டு. மாத்திரைக்கும் உளவியல் ஆலோசனைக்கும் துணையாக வைத்துக்கொண்டால் நல்ல பலன் உண்டு. அவற்றுக்குப் பதிலாக வைத்தால் ஆபத்து. "செடி வைத்த பிறகு நன்றாக இருக்கிறான், மாத்திரை எதற்கு" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரின் முடிவு.

இந்த முயற்சி பல வீடுகளில் பாதியில் நின்றுபோகிறது. அதற்குக் காரணம் செடி அல்ல, அளவு. ஆசையோடு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செடி வளர்க்கும் பை இருபது வாங்கி, மண் கலந்து, பத்து வகை விதை போட்டுவிடுகிறார்கள். எழுந்து பல் தேய்க்கவே சிரமப்படும் ஒருவரிடம் இருபது பைகளை ஒப்படைத்தால் பத்தே நாளில் பாதி காய்ந்துவிடும். ஏற்கெனவே "என்னால் எதுவும் முடியவில்லை" என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு அதற்கான சாட்சி மாடியிலேயே நிற்கும். அதனால் தோட்டத்தின் அளவை முடிவு செய்ய வேண்டியது மாடியின் பரப்பு அல்ல, தம்பியின் இன்றைய தெம்பு. தொடக்கத்தில் ஒரே ஒரு தட்டு போதும்.

ஏன் வேலை செய்கிறது

மனச்சோர்வில் ஒரு சுழல் இருக்கிறது. மனசு சரியில்லாததால் எதுவும் செய்வதில்லை. எதுவும் செய்யாததால் மகிழ்ச்சியோ நிறைவோ தரக்கூடிய எதுவும் நடப்பதில்லை. அதனால் மனசு இன்னும் கீழே போகிறது. "மனசு சரியானதும் செய்கிறேன்" என்று காத்திருந்தால் அந்த நாள் வருவதில்லை. செயலை முதலில் கொண்டுவந்து, மனநிலையைப் பின்னால் வரவிடும் சிகிச்சை முறை ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் மனச்சோர்வு உள்ள 440 பேரிடம் அதைச் சோதித்து 2016இல் முடிவு வெளியிட்டார்கள். குறைந்த பயிற்சி பெற்ற பணியாளர்கள் நடத்தியபோதும், தேர்ந்த உளவியல் சிகிச்சையாளர்கள் தந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் பேச்சுச் சிகிச்சை) அது சளைத்ததாக இல்லை. செடி வளர்ப்பு இந்த முறைக்கு இயல்பாகப் பொருந்துகிறது. வேலையை எவ்வளவு சிறிதாக வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம், அன்றாடம் செய்ய ஏதோ ஒன்று இருக்கும், பலன் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது காரணம், மனம் ஒரே எண்ணத்தையே அரைத்துக்கொண்டிருப்பது. முளையையும் எறும்பையும் இலையின் அடிப்பக்கத்தையும் பார்க்கும்போது கவனம் சிரமப்படாமல் அங்கே போய் நிற்கிறது, அந்த நேரம் அரைப்பது குறைகிறது. நார்வேயில் மனச்சோர்வு நோயாளிகளுக்கு 12 வாரத் தோட்டப் பயிற்சி கொடுத்து 2010இல் வெளியிட்ட ஆய்வில் மனச்சோர்வின் அளவு இறங்கியது. பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் முன்னேற்றம் தங்கியிருந்தது. யாருக்குத் தோட்டம் கவனத்தை ஈர்த்துப் பிடித்ததோ அவர்களுக்கே பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு அது, அந்த அளவுக்கே நம்பலாம். நெதர்லாந்தில் 2011இல் வந்த ஆய்வு இன்னும் கச்சிதமானது. மன அழுத்தம் தரும் ஒரு வேலையைக் கொடுத்த பிறகு, பாதிப் பேரை அரை மணி நேரம் தோட்ட வேலையிலும் மீதிப் பேரை அறைக்குள் வாசிப்பிலும் விட்டார்கள். இரு சாராருக்கும் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் குறைந்தது, தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அதிகமாகக் குறைந்தது. மனநிலை முழுக்க மீண்டதும் அவர்களுக்குத்தான்.

மூன்றாவது, காலை வெளிச்சம். இரவெல்லாம் விழித்துப் பகலில் தூங்கும் ஒருவருக்குக் காலை 6.30 முதல் 8 மணிக்குள் இருபது முப்பது நிமிடம் திறந்தவெளி வெளிச்சம் கிடைத்தால் உடலின் கடிகாரம் மெல்லத் திரும்பும். அறைக்குள் எரியும் டியூப்லைட் இதற்கு ஈடாகாது. மேகமூட்டமான நாளில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு.

"மண்ணைத் தொட்டாலே மனச்சோர்வு போய்விடும், மண்ணில் அதற்கென்று ஒரு பாக்டீரியா இருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் வரும். அந்தச் செய்தியின் மூலம் எலிகளிடம் செய்த சோதனை. தம்பியிடம் அதைச் சொல்லி எதிர்பார்ப்பைக் கிளப்ப வேண்டாம்.

மாடிக்கு அனுப்பும் முன்

செடியைப் பற்றிப் பேசும் யாரும் இதைச் சொல்வதில்லை, ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். சாக வேண்டும் என்ற எண்ணம் இப்போது இருக்கிறதா, முன்பு இருந்ததா என்று தம்பியிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது, பல நேரம் பாரம் இறங்கும். மருத்துவரிடமும் கேளுங்கள். அப்படி எண்ணம் இருந்தால் மொட்டைமாடி வேண்டாம். கிரில் போட்ட பால்கனி, ஜன்னல் திட்டு, தரைத்தள முற்றம் போன்ற இடத்தில் வையுங்கள், கூடவே ஒருவர் இருங்கள். எண்ணம் இல்லாவிட்டாலும் முதல் சில வாரம் மாடிக்கு இருவராகவே போவது நல்லது.

பூச்சிக்கொல்லி, எலி மருந்து, களைக்கொல்லி எதையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், "பூட்டி வைத்துக்கொள்ளலாம்" என்றும் வேண்டாம். கடும் நஞ்சுள்ள பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்த இலங்கையில் 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாமல் இருப்பதே ஒரு உயிரைக் காப்பாற்றுகிறது. ஐந்தாறு பைகளுக்கு வேப்பெண்ணெயும் தண்ணீர்ப் பீய்ச்சலும் தாராளமாகப் போதும். அரளி, செங்காந்தள், ஊமத்தை போன்ற நச்சுச்செடிகளும் வேண்டாம்.

மாத்திரைகளில் சில வெயிலோடு ஒத்துப்போகாது. மனநிலையைச் சீராக்கும் மாத்திரையான லித்தியம் எடுப்பவருக்கு அதிகம் வியர்த்து உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறும். கை நடுக்கம் கூடுவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குளோர்ப்ரோமசின் எடுப்பவரின் தோல் வெயிலில் சீக்கிரம் கன்றிவிடும். டிரைஹெக்சிபெனிடில் வியர்வையைக் குறைப்பதால் உடல் சூடு வெளியேறாது. அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளில் குந்தி உட்கார்ந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். பைகளை இரண்டு வரிசைச் செங்கல் மேலோ இரும்பு ஸ்டாண்டிலோ உயர்த்தி வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்டூலும் போட்டுவிட்டால் குந்த வேண்டியதே இல்லை. எந்த மாத்திரையாக இருந்தாலும் காலை 8 மணிக்கு முன், மாலை 5 மணிக்குப் பின், தொப்பி, ஒரு பாட்டில் குடிநீர். இரவு மாத்திரையால் காலையில் மயக்கமாகக் கிடக்கிறான் என்றால் மாலையிலேயே தொடங்குங்கள், காலை வெளிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால் ஒன்று போட்டுவிடுங்கள். ஆஸ்துமா இருந்தால் தேங்காய் நார்க்கழிவையும் உரத்தையும் நனைக்காமல் கையாளக் கூடாது, தூசியால் இழுப்பு வரும்.

முதல் தட்டு: வெந்தயம்

முதல் பயிராக வெந்தயக்கீரையைவிடப் பொருத்தமானது இல்லை. விதை அஞ்சறைப்பெட்டியில் இருக்கிறது, கடைக்குப் போக வேண்டாம். மூன்று நாளில் முளை தெரியும். 20 முதல் 25 நாளில் அறுக்கலாம். மனச்சோர்வு மாத்திரைகள் பிடிபடவும் பெரும்பாலும் 2 முதல் 4 வாரம், சிலருக்கு 6 வாரம்கூட ஆகும். மாற்றமே தெரியாத அந்த இழுபறி நாட்களில் வளர்வது கண்ணுக்குத் தெரிகிற ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

ஒரு அடிக்கு ஒரு அடி, நான்கு அங்குலம் ஆழமுள்ள பிளாஸ்டிக் தட்டு, பழைய டப், பழக்கூடை எதுவானாலும் சரி. அடியில் ஆறேழு ஓட்டை போடுங்கள். ஒரு லிட்டர் மக் அளவில், கழுவிய நார்க்கழிவு நான்கு மக், மண்புழு உரம் மூன்று மக். கலந்து, நனைத்து, பிடித்தால் உருண்டையாகவும் விட்டால் உதிரவும் வேண்டும். பிழிந்தால் தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். ஒரு மேசைக்கரண்டி வெந்தயத்தை இரவே ஊறவைத்து, காலையில் பரவலாகத் தூவி, அரை சென்டிமீட்டர் கலவையால் மூடுங்கள். முளைக்கும் வரை நேர் வெயில் வேண்டாம். பிறகு மூன்று நான்கு மணி நேரக் காலை வெயில் போதும். தண்ணீரைக் குவளையால் ஊற்றினால் விதை ஓரத்துக்கு அடித்துப் போகும். பாட்டில் மூடியில் ஊசியால் பத்து ஓட்டை போட்டு அதனால் தெளியுங்கள்.

நார்க்கழிவைக் கழுவாமல் பயன்படுத்துவதுதான் இதில் அதிகம் நடக்கும் பிழை. அதில் உப்பு இருக்கும், முளை வந்து இலை நுனி கருகும். 5 கிலோ கட்டி ஒன்றைப் பெரிய டப்பில் 20 முதல் 25 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்தால் உதிர்ந்து 60 லிட்டருக்கு மேல் வரும். அதைச் சாக்கில் போட்டு இரண்டு முறை தண்ணீர் ஊற்றி வடியவிடுங்கள். இதை நீங்களே முன்கூட்டிச் செய்து வைத்துவிடுங்கள். தம்பிக்கு முதல் நாள் வேலை, ஊறிய வெந்தயத்தைத் தூவுவது மட்டும்.

எப்படிக் கூப்பிடுவது

"சும்மா படுத்தே கிடக்காம அந்தச் செடிக்காவது தண்ணி ஊத்து" என்ற ஒரே வாக்கியம் ஒரு மாத முயற்சியைக் கெடுத்துவிடும். அதில் இருப்பது குற்றச்சாட்டு, செடி வெறும் சாக்கு. "நான் மாடிக்குப் போறேன், தண்ணி ஊத்தணும். கூட வர்றியா? அஞ்சு நிமிஷம்தான்" என்று கேளுங்கள். வரவில்லை என்றால் "சரி" என்று சொல்லிவிட்டுப் போய் வந்து, "வெந்தயம் முளைச்சிருக்குடா, வேணும்னா அப்புறம் பாரு" என்று மட்டும் சொல்லுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மறுபடி கேளுங்கள். ஒருநாள் கேட்டு ஒருநாள் விட்டால் பழக்கம் ஏறாது. இதற்கான பொறுமை முழுவதும் உங்கள் பக்கம் இருக்க வேண்டியிருக்கிறது, அது கடினம் என்பதும் உண்மை.

வேலையை நேரத்தோடு கட்டுங்கள், மனநிலையோடு கட்டாதீர்கள். "தெம்பா இருந்தா போ" என்பதைவிடக் "காபி குடிச்சதும் போ" நல்லது. முதல் வாரம் மாடிக்குப் போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்து வந்தாலே அன்றைய வேலை முடிந்தது. இரண்டாம் வாரம் தட்டுக்குத் தண்ணீர். மூன்றாம் வாரம் தண்ணீரோடு ஒரு புதிய பையில் விதை. ஒவ்வொரு படியும் எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும் என்றால், அவனுடைய மோசமான நாளிலும் பாதிக்கு மேல் செய்து முடிக்கக்கூடிய அளவுக்கு. இரண்டு நாள் தொடர்ந்து முடியவில்லை என்றால் படி பெரிது, அதை இன்னும் பாதியாக்குங்கள்.

முடியாத நாட்களில் நீங்கள் தண்ணீர் ஊற்றுங்கள், மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: "நேத்து நான் ஊத்திட்டேன்." அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். செடி சாகவும் கூடாது, அவன் வராததைக் கணக்கு வைத்துக் காட்டவும் கூடாது.

ஒரு சின்ன நோட்டு உதவும். போகும் முன் மனநிலைக்குப் பத்துக்கு எவ்வளவு, வந்த பிறகு எவ்வளவு, "ஒன்றைச் செய்து முடித்தோம்" என்ற நிறைவு எவ்வளவு. மூன்றே எண்கள். மனச்சோர்வில் இருப்பவருக்கு "எதிலும் பலனில்லை" என்றே நினைவு இருக்கும். மனநிலை 2இலிருந்து 4 ஆன மூன்று நாட்கள் நோட்டில் இருந்தால் அவரே அதைப் பார்க்கலாம். மருத்துவரிடம் போகும்போது எடுத்துப் போங்கள், "எப்படி இருக்கீங்க" என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் இல்லை. எண் எழுதுவதே பாரமாக இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள்.

பைகளுக்குப் போகும்போது

முதல் கீரையை அறுத்துச் சமைத்துச் சாப்பிட்ட பிறகு இரண்டு பை, அது பழகியதும் நான்கு. ஆறுக்கு மேல் முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம். புற ஊதாக் கதிரைத் தாங்கும் பையாக, 12 அங்குல விட்டம், 12 அங்குல உயரத்தில் வாங்குங்கள். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்ப ஏறக்குறைய 18 லிட்டர் கலவை பிடிக்கும்: செம்மண் ஆறு மக், நார்க்கழிவு ஆறு மக், மண்புழு உரமோ நன்றாக மக்கிய சாணமோ ஆறு மக், வேப்பம்புண்ணாக்கு ஒரு கைப்பிடி. ஈரத்தோடு ஒரு வாரம் அப்படியே வைத்த பிறகுதான் விதைக்க வேண்டும். புண்ணாக்கு மக்கும்போது சூடு கிளம்பும், உடனே விதைத்தால் முளை வெந்துபோகும். நனைந்த பை 15 கிலோவுக்கு மேலும் கனக்கலாம். நிரப்பும் முன்பே இடத்தில் வைத்துவிடுங்கள், பிறகு தூக்குவது முதுகுக்குக் கேடு. வாடகை வீடு என்பதால் பைக்கும் தளத்துக்கும் நடுவே இடைவெளி கட்டாயம் வேண்டும். தளத்தில் ஈரம் தங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் கறை வந்தால் தோட்டமே போய்விடும்.

பயிர்த் தேர்வில் என் பரிந்துரை வெண்டை. பைக்கு மூன்று விதை ஒரு அங்குல ஆழத்தில் போட்டு, முளைத்ததும் திடமான ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேர் அசையும். 45 நாளில் காய்ப்பு தொடங்கும். அதன் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் முற்றி நாராகிவிடும். இந்தச் சின்னக் கட்டாயம்தான் நமக்கு வேண்டியது. வீட்டில் யாரும் வற்புறுத்தாமலேயே காய் அவனை மாடிக்கு வரவைக்கும். மோர்க்குழம்பில் நான்கு காய் மாடியிலிருந்து வந்தது என்பது அவன் வீட்டுக்குக் கொடுத்த ஒன்று. வேலை போனதால் "எல்லாருக்கும் பாரமாக இருக்கிறேன்" என்று நினைப்பவருக்கு அது பெரிய விஷயம். அதைச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை சொல்லுங்கள். ஊரையே கூட்டிப் புகழ வேண்டாம், கூச்சத்தில் பின்வாங்கிவிடுவான்.

வெண்டையோடு சிறுகீரை அல்லது தண்டுக்கீரை (25 முதல் 30 நாள்), கடையில் வாங்கிய கட்டிலிருந்து தண்டு நட்ட புதினா, சுவரோரம் கயிற்றில் ஏறும் சங்குப்பூ வைக்கலாம். புதினாவுக்குத் தனிப் பை கொடுங்கள், பக்கத்துச் செடியை விழுங்கிவிடும். வாசனைக்கு ஒரு குண்டுமல்லியோ மரிக்கொழுந்தோ இருக்கட்டும். பதற்றம் ஏறும் நேரத்தில் ஓர் இலையைக் கசக்கி மோந்து, கையில் மண்ணின் ஈரத்தைக் கவனிப்பது, மனத்தை இந்த நொடிக்கு இழுக்க எளிய வழி. எலுமிச்சை, கறிவேப்பிலை, மாதுளை இப்போது வேண்டாம். மாதக்கணக்கில் அசைவே தெரியாது. ஒட்டு ரோஜாவும் வேண்டாம், நோய் அதிகம், ஏமாற்றம் அதிகம்.

பட்டம், அதாவது விதைக்கும் பருவம், பாருங்கள். ஆடியும் தையும் தொடங்க ஏற்ற காலம். ஏப்ரல், மே மாதங்களில் மொட்டைமாடியில் தொடங்கினால் ஐம்பது சதவீத நிழல்வலை கட்டியாக வேண்டும். அந்த மாதங்களில் ஜன்னலோரத்து வெந்தயத் தட்டோடு நின்றுகொள்வது புத்திசாலித்தனம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாற்று அழுகும், அப்போது புதிதாக விதைக்காமல் இருப்பதைக் காப்பாற்றினால் போதும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டக் கிட் கொடுத்துவந்திருக்கிறது. உங்கள் பகுதி அலுவலகத்தில் இப்போது கிடைக்கிறதா என்று கேளுங்கள், ஆனால் மொத்தத்தையும் ஒரே நாளில் பிரிக்காதீர்கள்.

செடி வாடும்போது

வாடும். அதை முதல் நாளே தம்பியிடம் சொல்லிவைப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். மனச்சோர்வு, ஒவ்வொரு கெட்டுப்போன விஷயத்தையும் "என்னால்தான்" என்று வாசிக்கவைக்கும். அதனால் செடி போனால் காரணத்தைப் பெயர் சொல்லிக் கண்டுபிடியுங்கள், இருவரும் சேர்ந்து.

முளை வந்து அடித்தண்டு மெலிந்து சாய்ந்தால் நாற்றழுகல்: ஈரம் அதிகம், விதை நெருக்கம். அடுத்த முறை விதையைக் குறைத்து, கலவையில் அழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியான டிரைக்கோடெர்மா விரிடி இரண்டு தேக்கரண்டி சேருங்கள். இலை மஞ்சளாகித் தொங்க, மண்ணும் ஈரமாக இருந்தால் தண்ணீர் மிகுதி. மாடிச்செடி காய்ந்து சாவதைவிட அளவுக்கு மீறிய தண்ணீரில் வேர் அழுகிச் சாவது அதிகம், அன்பு கூடிய வீடுகளில் இன்னும் அதிகம். விரலை இரண்டாம் கணு வரை விட்டுப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம். சாதாரண நாளில் ஒரு பைக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர், கோடையில் இரு வேளை, மழைநாளில் ஒன்றுமே வேண்டாம். வெண்டை இலையின் நரம்புகள் மஞ்சளானால் மஞ்சள் நரம்புத் தேமல், வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், மருந்து கிடையாது. பிடுங்கிப் போட்டுவிட்டு அதே பையில் கீரை விதைக்க வேண்டியதுதான், யாருடைய தவறும் இல்லை. மாவுப்பூச்சியும் அசுவினியும் வந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, மாலையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து இலையின் அடியில் படும்படி தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

எப்போதும் ஒரு தட்டில் வெந்தயம் புதிதாக முளைத்துக்கொண்டிருக்கட்டும். ஒரு பை போன நாளிலும் பார்க்க வேறொரு பச்சை இருக்கும்.

செடியே பிடிக்கவில்லை என்றால்

விட்டுவிடுங்கள். மண்ணைத் தொடப் பிடிக்காதவர்கள் உண்டு. மரத்தடியில் நடப்பதும் இதே வேலையைப் பெருமளவு செய்யும். இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரின் தரவை வைத்து 2019இல் வந்த ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது பசுமைவெளியில் கழித்தவர்களின் உடல்நலமும் மனநலமும் மேலாக இருந்தன. ஒரே நாளில் கழித்தாலும் பிரித்துப் பிரித்துக் கழித்தாலும் வேறுபாடில்லை. நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியே போகிறார்கள் என்பதும் அதில் கலந்திருக்கலாம். ஆனாலும் குறியாக வைத்துக்கொள்ள நல்ல எண்: வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு இருபது நிமிடம். மயிலாப்பூர்ப் பக்கம் என்றால் நாகேஸ்வரராவ் பூங்கா, மற்ற இடங்களில் அருகிலுள்ள மாநகராட்சிப் பூங்கா. கூட்டத்துக்கு அஞ்சுபவரை ஞாயிறு காலை கூட்டிப்போகாதீர்கள், வார நாளில் கூட்டம் குறைவான நேரமாகப் பார்த்துப் போங்கள். போனைப் பையில் வைத்துவிட்டு, மூன்று மரத்தின் பெயரைக் கண்டுபிடிப்பது போன்ற ஒரு சின்ன வேலையோடு நடந்தால் மனம் அரைப்பது குறையும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சில வரிகள். இருமுனைக் கோளாறு (மனச்சோர்வும் அளவுக்கு மீறிய மனஎழுச்சியும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவர் திடீரென்று இரவு முழுக்க விழித்து நாற்பது பை ஆர்டர் செய்தால் அது தோட்ட ஆர்வம் அல்ல, மனஎழுச்சியின் தொடக்கமாக இருக்கலாம். அன்றே மருத்துவரை அழையுங்கள், செலவு வரம்பை நலமாக இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மனச்சிதைவு உள்ளவருக்கு வேலையில் மாற்றம் குறைவாக இருக்க வேண்டும்: அதே நேரம், அதே ஆள், அதே மூன்று பை. மறதிநோய் உள்ள பெரியவர்களுக்குத் துளசி, மல்லி, மரிக்கொழுந்து என்று இளமையிலிருந்து பழகிய வாசனைச் செடிகள், வாயில் போட்டாலும் கெடுதல் இல்லாத செடிகள் மட்டும். அழுக்கு பற்றிய எண்ணச்சுழற்சி நோய் (ஓசிடி) உள்ளவரை "தொட்டுப் பார், சரியாகிவிடும்" என்று மண்ணில் கைவைக்கச் சொல்வது கொடுமை. அதைச் சிகிச்சையாளர்தான் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

எப்போது செடியை விட்டுவிட்டு மருத்துவரிடம் போவது

சாப்பாடு குறைந்துகொண்டே போவது, எடை இறங்குவது, தூக்கம் சில மணி நேரமாகச் சுருங்குவது, "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நல்லது" என்ற பேச்சு, பொருட்களைத் திடீரென்று பிறருக்குக் கொடுப்பது, காதில் குரல் கேட்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த சந்திப்புத் தேதி வரை காத்திருக்காதீர்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108, வரும்வரை தனியாக விடாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மனநலச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது.

தம்பி தேறி மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கும் வாரத்தில் பைகளை இரண்டாகக் குறைத்துவிடுங்கள். மீதியை அக்கம்பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். புதினாவையும் கீரையையும் மட்டும் வைத்துக்கொண்டு, அலுவலகம் கிளம்பும் முன் பத்து நிமிடம் என்ற பழக்கத்தை விடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நோட்டையும் இன்னும் சில மாதம் தொடரட்டும். தூக்கம் குறைந்து, மாடிக்குப் போவது நின்று, எண்கள் இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால் நோய் திரும்புகிறதா என்று மருத்துவரிடம் கேட்க அதுவே போதுமான காரணம்.